வீட்டு சைக்கிளா ரோட்டு சைக்கிளா: லோடு யார் கைல இருக்கு?

வடசென்னைல தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் நாப்பது வயசு தாண்டின யார் வீட்டுக்கு போனாலும் இந்த பேச்சு எப்படியும் வந்துடுது. சுகர் பார்டர்ல இருக்கு, டாக்டர் டெய்லி எதாவது எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு, ஹால்ல ஓரமா ஒரு எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கி போட்டுடலாமா, இல்ல மாடிப்படிக்கு கீழ கெடக்குற பழைய சைக்கிளுக்கு டயர் ட்யூப் மாத்தி ஓட்ட ஆரம்பிக்கலாமா, ரெண்டும் மிதிக்கிறது தானே, எதுல மிதிச்சா என்ன. நியாயமான கேள்வி. ஆனா இதுக்கு நெட்ல கெடைக்கிற பதில் பெரும்பாலும் மேடு பள்ளம் இருக்குற ஊருக்கும், பனி கொட்டுற ஊருக்கும் எழுதினது. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிக்கு பக்கத்துலயே ஓட்டுறவங்கள யாரும் நெனச்சு பாத்து எழுதல. அதனால நம்ம ஏரியாவ வச்சு கொஞ்சம் விளக்கமா எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவா சொல்லிடுறேன். காலுக்கு ரெண்டும் ஒரே வேலை தான். தொடையோட முன்பக்க சதை தான் பெடல கீழ தள்ளுது, பின்பக்கமும் பிட்டமும் கெண்டைக்காலும் கூட சேர்ந்து உழைக்குது, இதயம் வேகமா அடிக்குது, மூச்சு வாங்குது. கால் எவ்ளோ வேகமா சக்திய குடுக்குதுங்கறத வாட்னு அளப்பாங்க; 100 வாட் வேலை செஞ்சா அது ஹால்ல செஞ்சாலும் 100 தான், டி.எச். ரோட்ல (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) செஞ்சாலும் 100 தான். வித்தியாசம் எல்லாம் வேற ஒரு எடத்துல இருக்கு: அந்த லோட, அதாவது பெடல் காலுக்கு எவ்ளோ கனமா இருக்கணும்ங்கறத, யார் வைக்கிறாங்க? வீட்டு சைக்கிள்ல நாப், அதாவது லோட கூட்டி கொறைக்கிற திருகு, அத திருகி நீங்க வைக்கிறீங்க. ரோட்ல காத்து வைக்குது, பிரிட்ஜ் வைக்குது, சிக்னல் வைக்குது, முன்னாடி போற ஷேர் ஆட்டோ வைக்குது. இந்த ஒண்ண புடிச்சுக்கிட்டா கலோரி, முட்டி, வேர்வை, பழக்கம் எல்லாத்துக்கும் பதில் இதுலேர்ந்தே வந்துடும்.

வீட்டு சைக்கிளோட பிளாஸ்டிக் மூடிய கழட்டி பாத்திருக்கீங்களா? உள்ள ரொம்ப சிம்பிளா தான் இருக்கும். பெடலோட ஒரு பெரிய புல்லி, அதுலேர்ந்து ஒரு பெல்ட்டு, அது ஒரு கனமான இரும்பு சக்கரத்த சுத்துது, அத ஃப்ளைவீல்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு வாங்குற சாதா மாடல்ல இது சில கிலோ தான் இருக்கும், ஜிம்ல இருக்குற ஸ்பின் பைக்ல பதினஞ்சு இருவது கிலோ வரைக்கும் கூட போவும். கரன்ட் போனதுக்கு அப்புறமும் மாவு கிரைண்டர் கல்லு கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும் பாருங்க, அதே வேலைய தான் இந்த சக்கரமும் பண்ணுது, பெடல் மேலயும் கீழயும் வர்ற எடத்துல கால் வெட்டி வெட்டி மிதிக்காம வழுக்கிட்டு போக வைக்குது. சக்கரம் லேசா இருக்குற மெஷின்ல மிதிச்சா திக்கு திக்குனு இருக்கும், முட்டி வலி இருக்குறவங்களுக்கு அது உடனே தெரியும்.

லோடு வைக்கிறதுல மூணு விதம் இருக்கு. பழைய டைப்புல ஒரு ஃபெல்ட் துணியோ பட்டையோ சக்கரத்த புடிச்சு உரசும், தேயும், சத்தமும் போடும். இப்ப வர்றதுல காந்தம். காந்தம் சக்கரத்த தொடறதே இல்ல, கிட்ட மட்டும் வரும், சுத்துற உலோகத்துக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி அதுவே சக்கரத்த பின்னாடி இழுக்கும், நாப திருகும்போது காந்தம் இன்னும் கிட்ட வருது, அவ்ளோதான். தேய்மானம் கெடையாது, சத்தம் கெடையாது, ஒரே செவுத்துக்கு ரெண்டு பக்கமும் குடும்பம் இருக்குற நம்ம லைன் வீடுகளுக்கு இந்த டைப்பு தான் சரி. மூணாவது முன்னாடி பெரிய ஃபேன் வச்ச ஏர் பைக், வேகமா மிதிக்க மிதிக்க காத்து எதுத்து நிக்கும், இந்த ஒரு மெஷின் மட்டும் ரோட்டு சைக்கிள் மாதிரி நடந்துக்கும், ஆனா அது போடுற சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க கதவ தட்டிடுவாங்க.

நின்ன எடத்துலயே மிதிக்கிறது ஒண்ணும் நேத்து வந்த ஐடியா இல்ல. 1796லயே லண்டன்ல ஃபிரான்சிஸ் லவுண்ட்ஸ்னு ஒருத்தர் ஜிம்னாஸ்டிக்கான்னு ஒரு மெஷினுக்கு பேடன்ட் வாங்கினாரு, கை கால் புடிச்சுக்கிட்டவங்களுக்கு அசைவு குடுக்குறதுக்காக. 1912ல மூழ்கின டைட்டானிக் கப்பலோட ஜிம்ல கூட நின்ன எடத்துல மிதிக்கிற சைக்கிள் இருந்துச்சு. 1954ல ஸ்வீடன்ல வான் டோபெல்ன்னு ஒருத்தர் செஞ்ச எர்கோமீட்டர் (உழைப்ப அளக்குற சைக்கிள்) வந்ததுக்கு அப்புறம், இவ்ளோ லோடுல இவ்ளோ நேரம்னு கரெக்டா அளந்து இதயத்த டெஸ்ட் பண்றது சுலபமாச்சு. ஆஸ்பத்திரில இதயத்துக்கு ஆபரேஷன் ஆனவங்கள இதுல தான் மெதுவா மிதிக்க வைக்கிறாங்க. ஏன்னா லோடு கைல இருக்கு, நிறுத்தணும்னா அந்த நிமிஷமே நிறுத்தலாம், பிரஷர் மெஷின மாட்டிக்கிட்டே மிதிக்கலாம். இந்த மெஷினோட பெரிய பலமே இது தான்.

இப்ப அந்த சின்ன ஸ்கிரீன் பத்தி. நான் ரொம்ப பேர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்குற விஷயம் இது. விலை கம்மியான மாடல்ல பெரும்பாலும் அந்த ஸ்கிரீனுக்கு போறது ஒரே ஒரு ஒயர், புல்லில ஒரு சின்ன காந்தம் ஒட்டியிருக்கும், அது ஒவ்வொரு தடவ சென்சார கடக்கும்போதும் ஒரு எண்ணிக்கை. அவ்ளோ தான் அதுக்கு தெரியும். நாப் ஒண்ணுல இருக்கா எட்டுல இருக்கான்னு அதுக்கு தெரியாது, மிதிக்கிறவங்க 50 கிலோவா 90 கிலோவான்னும் தெரியாது. சுத்துன சுத்த ஒரு நம்பரால பெருக்கி கிலோமீட்டர்னு காட்டும், இன்னொரு நம்பரால பெருக்கி கலோரின்னு காட்டும். சந்தேகமா இருந்தா நாப ஒண்ணுல வச்சு அஞ்சு நிமிஷம் ஒரே வேகத்துல மிதிச்சு பாருங்க, அப்புறம் அஞ்சுல வச்சு அதே வேகத்துல மிதிச்சு பாருங்க, கால் ரெண்டும் கதறும், ஸ்கிரீன்ல அதே நம்பர் தான் வரும். கொருக்குப்பேட்டைல எங்களுக்கு தெரிஞ்ச ஒரு அக்கா நாப ஒண்ணுலயே வச்சு சீரியல் பாத்துக்கிட்டே மிதிச்சுட்டு டெய்லி பத்து கிலோமீட்டர் போறேன்னு சந்தோஷமா சொல்லுவாங்க, ஆனா சுகர் கொறையவே இல்லன்னு வருத்தமும் படுவாங்க. தப்பு அவங்க மேல இல்ல, அந்த ஸ்கிரீன் மேல. நாப மூணுக்கு ஏத்தி, பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கணும்னு சொன்னோம். மிதமான உழைப்புன்னா என்னன்னு மெஷினே இல்லாம கண்டுபுடிக்க டாக்டருங்களே சொல்ற வழி இது.

ரோட்டுக்கு வருவோம். நம்ம ஊரு தட்டையான ஊரு, மேடுன்னு சொல்ல பிரிட்ஜும் ஃப்ளைஓவரும் தான். அதனால சென்னைல சைக்கிளுக்கு லோடு வைக்கிறது முக்கியமா காத்து தான். நிமிர்ந்து உக்காந்து ஓட்டுற சாதா சைக்கிள், இருவது கிலோ வண்டி, எழுபது கிலோ ஆள்னு வச்சுக்கிட்டு கணக்கு போட்டா, காத்து அடிக்காத நேரத்துல மணிக்கு 15 கிமீ வேகத்துக்கு சுமார் 55 வாட் போதும். 20க்கு போகணும்னா 100 வாட் வேணும், 25க்கு 170 வாட் கிட்ட. வேகம் கொஞ்சம் தான் ஏறுது, உழைப்பு மூணு மடங்கு ஆயிடுது, ஏன்னா காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அத தாண்டிப்போக வேண்டிய வாட் அதுக்கும் மேல ஏறும். இன்னொண்ணும் பாருங்க, நீங்க 15லயே போறீங்க, ஆனா எதிர்காத்து மணிக்கு 10 கிமீ வேகத்துல அடிக்குதுன்னா உங்க காலுக்கு 100 வாட் வேலை வந்துடும். காத்தே இல்லாத நாள்ல 20ல போறதும் இதுவும் ஒண்ணு.

காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல வடக்கால போயி பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். வடகிழக்கு பருவமழை சமயத்துல போகும்போது காத்து மூஞ்சில அடிக்கும், வரும்போது முதுக தள்ளும். கோடைல மத்தியானத்துக்கு மேல கடல் காத்து தென்கிழக்குலேர்ந்து கெளம்புனா அப்படியே தலைகீழ், போறது சுகமா இருக்கும், களைச்சு போயி திரும்பும்போது எதிர்காத்து. அதே ரோடு, அதே தூரம், அதே சைக்கிள், நாளுக்கு ஒரு லோடு. பேசின் பிரிட்ஜ், ஸ்டான்லி, பெரம்பூர் மாதிரி பிரிட்ஜ் ஏத்தத்துல, முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுதுன்னு வச்சுக்கிட்டா, மணிக்கு பத்து கிமீ வேகத்துல ஊர்ந்து போறதுக்கே 100 வாட்டுக்கு மேல வேணும். அப்புறம் டயர்ல காத்து. காத்து கம்மியா இருந்தா டயர் நசுங்கி நசுங்கி உருளும், அந்த நசுங்கலுக்கான செலவ உங்க கால் தான் குடுக்கணும். டயரோட பக்கத்துலயே எவ்ளோ பிரஷர்னு போட்டிருக்கும், பங்க்சர் கடைல வாரம் ஒரு தடவ கேட்டு அடிச்சுக்கோங்க, சைக்கிள் ஓட்ட முடியல மூச்சு வாங்குதுன்னு சொல்ற பாதி பேருக்கு வியாதி டயர்ல தான் இருக்கு.

ரோட்டுக்குன்னு ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. சும்மா உருளுற நேரம். மின்ட்லேர்ந்து டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி வரைக்கும் டி.எச். ரோட்ல போயி பாருங்க, சிக்னல், பஸ் ஸ்டாப், குறுக்க வர்ற மாடு, திடீர்னு கதவ தெறக்குற கார், நாலு மிதி மிதிச்சா ரெண்டு மிதி பிரேக். ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினேன்னு சொல்றதுல கால் நெஜமா உழைச்ச நேரம் அத விட நல்லா கொறைஞ்சு தான் இருக்கும். வீட்டு சைக்கிள்ல உருளுற நேரமே கெடையாது, மிதிக்கிறத விட்டா சீக்கிரமே நின்னு போயிடும், ஸ்பின் பைக்ல சக்கரமே காலையும் சேத்து சுத்தும் (அதனால தான் அதுல திடீர்னு கால எடுக்கக்கூடாது, நாப அழுத்தி நிறுத்திட்டு தான் எறங்கணும், வீட்ல கொழந்தைங்க இருந்தா சுத்துற சக்கரத்துக்கிட்ட கை வைக்க விடவே கூடாது). அதனால வீட்ல அரை மணி நேரம் ஒழுங்கா லோடு வச்சு மிதிச்சா, நம்ம ரோட்ல முக்கால் மணி ஒரு மணி நேரம் ஓட்டுறதுக்கு சமமா வர்றது சகஜம். நிமிஷத்த நிமிஷத்தோட ஒப்பிடாதீங்க. கிலோமீட்டர கிலோமீட்டரோட ஒப்பிடவே ஒப்பிடாதீங்க.

கலோரிக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கு, இத மனசுல வச்சுக்கிட்டா எந்த ஸ்கிரீனும் ஏமாத்த முடியாது. நம்ம உடம்பு எரிக்கிற சக்தில 20லேர்ந்து 25 சதவீதம் தான் பெடலுக்கு போவுது, மிச்சம் எல்லாம் சூடு. 100 வாட்ல ஒரு மணி நேரம் மிதிச்சா பெடலுக்கு போனது 360 கிலோஜூல், அதாவது சுமார் 86 கிலோகலோரி, அதுக்கு உடம்பு எரிச்சது அதோட நாலு அஞ்சு மடங்கு, சுமார் 350லேர்ந்து 430 கிலோகலோரி (நாம பேச்சுல கலோரின்னு சொல்றது இத தான்). அரை மணி நேரத்துக்கு 200 கிட்ட. 100 வாட்டுங்கறது பழக்கம் இல்லாத ஒருத்தருக்கு நல்லா மூச்சு வாங்குற வேலை. அதனால அரை மணில 500 கலோரி எரிச்சிட்டேன்னு மெஷின் சொன்னா நம்பி கூட ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுடாதீங்க.

மிச்சம் சூடுன்னு சொன்னேன்ல, அது நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். 100 வாட் மிதிக்கிற உடம்பு 300, 400 வாட் சூட்ட வெளிய தள்ளியாகணும். ரோட்ல 15 கிமீ வேகத்துல போனா அதே வேகத்துல காத்து மேல படுது, வேர்வை காயும், உடம்பு குளிரும். வீட்ல நின்ன எடத்துல காத்தே இல்ல, நம்ம ஊரு புழுக்கத்துல வேர்வை காயாம அப்படியே வழியும், வழிஞ்சு போற வேர்வை உடம்ப குளிர வைக்காது. அதனால ரத்தம் தோலுக்கு நெறைய போவும், அதே லோடுல இதயம் போகப்போக வேகமா அடிக்க ஆரம்பிக்கும். வீட்ல மிதிச்சா சீக்கிரம் களைப்பு வருது, நமக்கு ஸ்டாமினா இல்லன்னு நெனச்சு நிறைய பேரு விட்டுடுறாங்க. ஸ்டாமினா எல்லாம் இருக்கு, ஃபேன் தான் இல்ல. மேல சுத்துற ஃபேன் பத்தாது, டேபிள் ஃபேன மூஞ்சிக்கும் நெஞ்சுக்கும் நேரா வைங்க, கூரைக்கு ஷீட்டு போட்ட மாடி ரூம்ல மெஷின வைக்காதீங்க, பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க.

காத்த பத்தி பேசும்போது வடசென்னைக்காரன் இன்னொரு காத்த பத்தியும் பேசித்தான் ஆகணும். மணலில ரிஃபைனரி, உரம், கெமிக்கல் கம்பெனிங்க, எண்ணூர்ல அனல்மின் நிலையம், நிலக்கரி, சாம்பல், துறைமுகத்துக்கு போற கன்டெய்னர் லாரி வரிசை, கொடுங்கையூர்ல குப்பைமேடு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சு, அதே மாசக் கடைசில ராத்திரி நேரத்துல பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிஞ்சு ஜனங்க வீட்ட விட்டு ஓடினாங்க. இதெல்லாம் சுவாசிக்கிற காத்து. சைக்கிள் மிதிக்கும்போது சும்மா உக்காந்திருக்குறத விட பல மடங்கு காத்த உள்ள இழுக்குறோம், அதுவும் வாயால, மூக்கோட வடிகட்டல் கூட இல்லாம. லாரி நிக்கிற ரோட்டோட ஓரத்துல மண்ணும் நிலக்கரித்தூளும் மெல்லிசா படிஞ்சிருக்கும், ஒரு லாரி கெளம்புனா அது எல்லாம் எழும்பி கண்ணு மட்டத்துக்கு வரும், சைக்கிள்காரன் தலை இருக்குற உயரம் அது தான். இதுக்காக சைக்கிளே ஓட்டக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், பெரும்பாலான ஊர்ல ஓட்டுறதோட நன்மை தான் அதிகம். ஆனா ரூட்ட மாத்துங்க. லாரி போற மெயின் ரோட்டுக்கு ஒரு தெரு உள்ள போனாலே நிறைய கொறையும். ஆஸ்துமா இருக்குறவங்க, பெரியவங்க, அந்த வாடை வர்ற நாள்ல வீட்ல மிதிக்கிறது தான் சரி. போகி அன்னைக்கு காலைல யாருமே வெளிய ஓட்ட வேணாம், டயர் எரிக்கிற புகைல சுவாசிக்கிறதுக்கு பேரு எக்சர்சைஸ் கெடையாது.

கோவம் வருது எனக்கு இத எழுதும்போது. காலைல நல்ல காத்துல சைக்கிள் ஓட்டுறதுங்கறது ஊர்ல வேற பக்கம் இருக்குறவங்களுக்கு சாதாரணமா கெடைக்குது, இங்க மட்டும் ஏன் நாம காத்து பாத்து நாள் பாத்து ஓட்டணும்?

உடம்புக்கு ரோட்டு சைக்கிள் குடுத்து வீட்டு சைக்கிள் குடுக்காத ஒண்ணு பேலன்ஸ். ரெண்டு சக்கரத்துல விழாம போறதுக்கு கண்ணு, காது, கை, இடுப்பு, வயிறு எல்லாம் ஒண்ணா சேர்ந்து வேலை செய்யுது, பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா திரும்பி பாத்து நேரா போகணும், பள்ளத்துல எழுந்து நிக்கணும். இது மூளைக்கும் பயிற்சி. ஆனா லோடு மாதிரி இதையும் ரோடு தான் முடிவு பண்ணும், ஒரு தடவ தப்பினா விழ வேண்டியது தான், அறுபத்தஞ்சு வயசுல இடுப்பெலும்பு முறியறது சின்ன விஷயமே இல்ல. தலை சுத்தல் இருக்குறவங்க, கால் மரத்துப்போற சுகர்காரங்க, கண்ணு மங்கினவங்க ரோட்ல எறங்க வேண்டாம், அவங்களுக்கு சாஞ்சு உக்காந்து மிதிக்கிற ரெக்கம்பென்ட் டைப்பு இன்னும் நல்லது, முதுகுக்கும் தாங்கல் இருக்கு. இன்னொண்ணு, எலும்பு கெட்டியாகணும்னா உடம்பு வெயிட்ட கால் தாங்கணும். சைக்கிள்ல வெயிட்ட சீட்டு தாங்குது, ரெண்டு சைக்கிளுக்கும் இது பொருந்தும். அதனால எந்த சைக்கிள் மிதிச்சாலும் கூடவே கொஞ்சம் நடைய, கொஞ்சம் மாடிப்படிய விடாதீங்க, முக்கியமா மாதவிடாய் நின்ன பெண்கள்.

முட்டி வலிக்கு சைக்கிள் நல்லதுன்னு சொல்லுவாங்க, உண்மை தான், ஆனா சீட்டு உயரம் சரியா இருந்தா மட்டும். நம்ம ஊர்ல ரோட்டு சைக்கிளும் சரி வீட்டு சைக்கிளும் சரி, தொண்ணூறு சதவீதம் பேர் சீட்ட தாழ்த்தி வச்சு தான் ஓட்டுறாங்கன்னு எனக்கு தோணும், கால் தரைல பதிஞ்சா தான் தைரியம். ஆனா சீட்டு தாழ்ந்தா ஒவ்வொரு சுத்துலயும் முட்டி ரொம்ப மடங்கும், முட்டிச்சில்லு பின்னாடி அழுத்தம் ஏறும், முன்பக்கம் வலிக்கும். பண்ண வேண்டியது இது தான்: செருப்பு போட்டுக்கிட்டு சீட்ல உக்காந்து, செவுத்த புடிச்சுக்கிட்டு, பெடல ரொம்ப கீழ கொண்டு வந்து அது மேல குதிகால வைங்க. அப்ப கால் நேரா நீளணும். அப்புறம் மிதிக்கும்போது பாதத்தோட முன்பக்கத்த பெடல்ல வைங்க, முட்டி தானா கொஞ்சம் மடங்கியிருக்கும், சுமார் 25லேர்ந்து 35 டிகிரி. மிதிக்கும்போது இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடினா சீட்டு ஓவர் உயரம், ஒரு துளை எறக்குங்க. வீட்டு சைக்கிள்ல இது ரொம்ப சுலபம், விழ பயம் இல்லாததால சரியான உயரத்துல வைக்கலாம். ரோட்ல பழகாதவங்க ஒரேயடியா ஏத்தாம விரல் அகலம் விரல் அகலமா ஏத்திக்கிட்டு போங்க. லோட ஏத்தி மெதுவா மிதிக்கிறத விட லோட கொறச்சு நிமிஷத்துக்கு 60, 70 சுத்து வர்ற மாதிரி மிதிக்கிறது முட்டிக்கு நல்லது.

சுகர் இருக்குறவங்களுக்கு தனியா சொல்லணும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே ரத்தத்துலேர்ந்து சர்க்கரைய உள்ள இழுத்துக்கும், அதனால சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் லேசா மிதிச்சா கூட சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகர் கொறையும். இங்க வீட்டு சைக்கிள் ஜெயிக்குது, ராத்திரி எட்டரைக்கு சாப்பிட்டு கைய கழுவிட்டு யாரும் சைக்கிள எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு போக போறதில்ல, ஹால்ல இருந்தா ஏறி உக்காருவாங்க. இன்சுலினோ, சுகர வேகமா எறக்குற மாத்திரையோ எடுக்குறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க, கைல ஒரு மிட்டாய் வச்சுக்கோங்க. நெஞ்சுல அழுத்தம், இடது கை வலி, தலை சுத்தல் வந்தா அந்த நிமிஷமே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட வாரம் ரெண்டு நாள் தசைக்கு வலு குடுக்குற வேலை. அது ஒரே மூச்சுல இருக்கணும்னு இல்ல, பத்து பத்து நிமிஷமா சேர்த்தாலும் கணக்கு தான்.

அப்ப ரோட்டு சைக்கிள எதுக்கு விடாம புடிச்சுக்கணும்? ஏன்னா அது உங்கள எங்கயோ கொண்டு போவுது. 2017ல பிரிட்டன்ல வந்த ஒரு பெரிய ஆய்வு, சுமார் 2.6 லட்சம் பேர சுமார் அஞ்சு வருஷம் கவனிச்சாங்க, வேலைக்கு சைக்கிள்ல போனவங்க அந்த காலத்துல சாவுற அபாயம் கார்லயும் பஸ்லயும் போனவங்கள விட 41 சதவீதம் கம்மியா இருந்துச்சு. சைக்கிள்ல போறவங்க வேற விதத்துலயும் ஆரோக்கியமா இருக்கலாம், அதனால மொத்த புகழும் சைக்கிளுக்கே போகாது, ஆனா இவ்ளோ பெரிய வித்தியாசத்த ஒதுக்கவும் முடியாது. இங்க எனக்கு முக்கியமா படுறது, அவங்க எக்சர்சைஸ் பண்ணணும்னு நேரம் ஒதுக்கல, வேலைக்கு போனாங்க. நம்ம ஏரியாலயும் மீன் எடுத்துக்கிட்டு தெரு தெருவா போறவங்க, பால் போடுறவங்க, தண்ணி கேன் போடுறவங்க, துறைமுகத்துக்கும் மணலிக்கும் ஷிஃப்டுக்கு போன பழைய ஆளுங்க எல்லாம் வாழ்நாள் பூரா இத தான் பண்ணாங்க. அம்பத்தூர்ல 1949ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள் கம்பெனியோட ஹெர்குலஸும் பிஎஸ்ஏவும் இல்லாத தெரு இங்க இருந்ததில்ல. 2021 பிப்ரவரிலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுது, வீட்லேர்ந்து ஸ்டேஷனுக்கு ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர், அதுக்கு பைக்கும் ஷேர் ஆட்டோவும் எதுக்கு? போக வர ரெண்டு தடவ, வாரம் ஆறு நாள், மெதுவா மிதிச்சா கூட வாரத்துக்கு 100 நிமிஷம் தானா சேர்ந்துடும்.

பொண்ணுங்க விஷயத்துல ஒரு வருத்தம் இருக்கு. கவர்மென்ட் குடுக்குற விலையில்லா சைக்கிள்ல பதினொண்ணாவது படிக்கிற பொண்ணுங்க கூட்டமா போறத தெனமும் பாக்குறோம், நல்லா பேலன்ஸ் பண்ணி, பேச்சு குடுத்துக்கிட்டே, லாரிக்கு நடுவுல புகுந்து போறாங்க. ப்ளஸ் டூ முடிஞ்சதும் அந்த சைக்கிள் தம்பிக்கு போயிடுது, இல்ல துருப்புடிச்சு நிக்குது. அதே பொண்ணு முப்பத்தஞ்சு வயசுல தைராய்டு, வெயிட்டுன்னு இருக்கும்போது வீட்டுக்காரர் இஎம்ஐல ஒரு எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கி தராரு. காய்கறி வாங்க அந்த பழைய சைக்கிள்லயே போயிருந்தா? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்கங்கற பயம், ரோட்ல தனியா எடம் இல்லாத பயம், ரெண்டும் நெஜம், அத நான் லேசா எடுத்துக்கல. அந்த பயத்துக்கு நடுவுல வீட்டு சைக்கிள் ஒரு பெரிய விடுதலையா இருக்கறதும் நெஜம். ஆனா டி.எச். ரோட்ல சைக்கிளுக்குன்னு ஒரு கோடு போட்ட எடம் இருந்தா பாதி பேரு திரும்பவும் ரோட்டுக்கு வந்துடுவாங்கன்னு நான் நம்புறேன்.

என்னோட சிபாரிசு: அஞ்சு கிலோமீட்டருக்குள்ள டெய்லி போக வர வேலை இருக்குறவங்க, பேலன்ஸ் நல்லா இருக்குறவங்க, ரோட்டு சைக்கிள்ல காச போடுங்க, நல்ல பிரேக், பின்னாடி சிவப்பு லைட், ஹெல்மெட் கண்டிப்பா. அம்பது தாண்டி சுகர், முட்டி, இதயம்னு எதாவது இருக்குறவங்க, வீட்ட விட்டு நகர முடியாதவங்க வீட்டு சைக்கிள வாங்குங்க, நாப ஒண்ணுலயே விட்டுடாதீங்க. முடிஞ்சவங்க ரெண்டையும் வச்சுக்கலாம், அக்டோபர் டிசம்பர்ல வியாசர்பாடி கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்கிற நாள்லயும் மே மாச வெயில்லயும் உள்ள, பொங்கலுக்கு அப்புறம் மார்ச் வரைக்கும் வெளிய.

புதுசு வாங்க வேண்டிய அவசியம் இல்ல, துணி காயப்போடுற கம்பியா மாறின வீட்டு சைக்கிள் தெருவுக்கு ஒண்ணு விலைக்கு இருக்கும். போயி பாக்கும்போது ஸ்கிரீன பாக்காதீங்க. ஏறி உக்காந்து சீட்டு உங்க குதிகாலுக்கு சரியா ஏறுதான்னு பாருங்க, சீட்டு கம்பி உள்ள துருப்புடிச்சு இறுகியிருந்தா நகராது, நம்ம கடல் காத்துக்கு இது சகஜம். நாப ஒண்ணுலேர்ந்து கடைசி வரைக்கும் திருகி ஒவ்வொரு நம்பருக்கும் கால்ல வித்தியாசம் தெரியுதான்னு மிதிச்சு பாருங்க, தெரியலன்னா உள்ள கேபிள் அறுந்திருக்கும், அது சின்ன செலவு தான், பேரம் பேசலாம். கடைசியா பெடல் மாட்டியிருக்குற அந்த இரும்பு கைய ரெண்டு கையாலயும் புடிச்சு பக்கவாட்டுல ஆட்டி பாருங்க, லடக் லடக்னு ஆடிச்சுன்னா பேரிங்கோ அச்சோ போயிடுச்சு, அத எவ்ளோ கம்மிக்கு குடுத்தாலும் வாங்காதீங்க.